கடல் தண்ணீரில் முங்கிய மெட்டல் டிடெக்டர்: திறந்து கழுவலாமா?

மணல்சல்லடை:
விஎல்எஃப் வகை (மிகத் தாழ்ந்த அலைவரிசையில் வேலை செய்யும்) மெட்டல் டிடெக்டர், நாலு டபுள்-ஏ பேட்டரியில் ஓடுவது. காயில் (தரைக்கு மேலே ஆட்டும் தட்டு, உள்ளே கம்பிச் சுருள்) மட்டும்தான் வாட்டர்புரூஃப். கண்ட்ரோல் பாக்ஸ் தூறலைத் தாங்கும், அவ்வளவுதான். ஆனில் இருக்கும்போதே பாக்ஸ் அலையில் முழுசா முங்கிவிட்டது. பேட்டரியைக் கழற்றி, அரிசிக்குள் புதைத்து வைத்து எடுத்தாச்சு. இப்போதைய நிலவரம்: ஆன் ஆகிறது, காயிலை அசைக்காமலே விட்டு விட்டுக் கத்துகிறது, டிஸ்பிளேயில் இரண்டு இலக்கங்களுக்குப் பாதிக் கோடுகள் இல்லை, சென்சிட்டிவிட்டி (எவ்வளவு சின்ன சிக்னலைப் பிடிக்கணும் என்ற அளவு) யாரும் தொடாமலே ஏறிக்கொண்டு போகிறது. வாரண்டி முடிந்துவிட்டது. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைத் தண்ணீரிலேயே கழுவு என்கிறார்கள், கேட்கவே பயமாக இருக்கிறது. சரிதானா? காயிலும் போயிருக்குமா?

பற்றாசு:
முதலில் ஆன் பண்ணிப் பார்ப்பதை நிறுத்துங்க. பேட்டரியை வெளியிலேயே வைங்க. கழுவச் சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அரிசி உப்பை எடுக்காது. தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு போர்டில் அப்படியே உட்கார்ந்திருக்கும். கடல் உப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு, காற்றில் 33 சதவீத ஈரப்பதம் இருந்தாலே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். அதாவது உங்கள் போர்டு இன்னும் காயவே இல்லை. அந்த நிலையில் கரண்ட் கொடுத்தால் பிளஸ் பக்கத்துச் செம்பு கரைந்து, மைனஸ் பக்கத்தில் இழை இழையாகப் படிந்து, பக்கத்துக் காலோடு ஷார்ட் ஆகும். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் இதுதான் நடக்கிறது.

திறக்கும் முன் ஒயர்கள் எது எங்கே என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்க. ஸ்பீக்கரையும் டிஸ்பிளேயையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் போர்டை மட்டும் கழுவணும். ஸ்பீக்கரின் பேப்பர் கோனும் அதன் பசையும் ஆல்கஹாலில் விட்டுவிடும்.

முதல் அலசல் சாதாரண நல்ல தண்ணீரில் இருக்கலாம். அடுத்த இரண்டு அலசல் டிஸ்டில்டு வாட்டரில். மென்மையான டூத்பிரஷ்ஷால் ஐசிக்களின் (சிப்களின்) கால்கள், கனெக்டர்களின் அடிப்பக்கம் எல்லாம் தேய்த்து, போர்டைச் சாய்த்துப் பிடித்து ஐசிக்கு அடியில் தண்ணீர் ஓடும்படி விடுங்க. உப்பு ஒளிந்திருப்பது அங்கேதான். கடைசியாக 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். காயத்துடைக்க விற்கும் 70 சதவீதம் வேண்டாம், மீதி முப்பது தண்ணீர்தான். ஆல்கஹால் உப்பைக் கரைக்காது. மிச்சத் தண்ணீரை வெளியேற்றத்தான் அது. அதனால் நேராக ஆல்கஹாலில் முக்கினால் வேலைக்கு ஆகாது. அடுப்போ தீயோ பக்கத்தில் இருக்கக் கூடாது.

பிறகு ஃபேன் காற்றில் ஒன்றிரண்டு நாள். 45 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம். ஹேர் டிரையர் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும்.

தானாக ஏறும் சென்சிட்டிவிட்டி: பட்டன் சுவிட்சுக்குள் உப்புத்தண்ணீர். ஆல்கஹால் ஈரமாக இருக்கும்போதே அந்தச் சுவிட்சை நிறைய தடவை அமுக்கி விடுங்க. காய்ந்த பிறகு மல்டிமீட்டரில் அதன் இரு கால்களுக்கு நடுவே ஓம் அளந்து, ஒழுங்காக வேலை செய்யும் பட்டனோடு ஒப்பிடுங்க. குறைவாகக் காட்டினால் சுவிட்சை மாற்றியே ஆகணும். பெரும்பாலும் 6×6 மில்லிமீட்டர் சாதா டாக்ட் சுவிட்ச்தான். தண்டின் உயரத்தை மட்டும் பார்த்து வாங்குங்க.

பாதிக் கோடு: எல்சிடி கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவே கறுப்பும் வெளுப்புமாக ஒரு ரப்பர் பட்டை இருக்கும், ஜீப்ரா ஸ்டிரிப். அதன் இரண்டு ஓரங்கள், போர்டில் அது உட்காரும் தங்கப் பட்டைகள், கண்ணாடியின் ஓரம் மூன்றையும் பஞ்சு உதிராத துணியில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, விரல் படாமல் நேராக உட்கார வைங்க. முறுக்கி வைத்தால் இன்னும் நாலு கோடு போகும்.

கரையோரம்77:
இவ்வளவு எதற்கு? துரு விடுவிக்கும் ஸ்பிரே ஒன்றை அடித்தால் தண்ணீர் தானாக விலகிவிடுமே.

பற்றாசு:
தண்ணீர் விலகும், உப்பு எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் கழுவினாலும் தண்ணீர் அங்கே ஒட்டாது. போர்டுக்கு அது வேண்டாம். பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு இருந்தால் வினிகர் தொட்ட காது பட்ஸ், உடனே டிஸ்டில்டு வாட்டர். சுரண்டாதீங்க, நிக்கல் பூச்சு போனால் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

இரட்டை டி:
காயிலைப் பற்றி. முதலில் காயில் கவரைக் கழற்றுங்கள். கவருக்கும் காயிலுக்கும் நடுவே தங்கும் உப்பு ஈர மணல் ஒன்றே போதும், டிடெக்டரைக் கத்த வைக்க. பாதிப் பேர் இதைச் செய்யாமலே காயில் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள்.

சோதிக்கும் இடமும் முக்கியம். ஒற்றை அலைவரிசை விஎல்எஃப் மெஷின் நல்ல நிலையில் இருந்தாலும் கடலோர ஈர மணலில் கத்தும். கரண்ட் கம்பி, செல்போன் இல்லாத காய்ந்த இடத்தில், காயிலைத் தரையில் படாமல் வைத்துப் பாருங்கள்.

காயில் கேபிளின் பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் சுருள் ஒன்று சில ஓம், இன்னொன்று அதைவிட நன்றாகவே அதிகமாகக் காட்டும். முதலாவது டிரான்ஸ்மிட் (சிக்னல் அனுப்புவது), மற்றது ரிசீவ் (திரும்ப வாங்குவது). எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது. ஓம் சரியாக இருந்தால் காயில் நல்லது என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் புகுந்து இரண்டு சுருளுக்கும் நடுவே உள்ள சமநிலை கலைந்தால் மீட்டரில் தெரியாது, ஓவர்லோடு என்றோ ஓயாத சத்தமாகவோதான் தெரியும். சிலவற்றில் காயிலுக்குள்ளேயே சிறு சர்க்யூட் இருக்கும். அவற்றுக்கு இந்த அளவுகள் பொருந்தாது. அதே மாடலின் வேறு காயிலை மாட்டிப் பார்ப்பதுதான் உறுதியான வழி.

கேபிளையும் தடவிப் பாருங்கள். மேல் உறையில் சின்னக் கீறல் இருந்தாலும், உள்ளே இருக்கும் ஷீல்டு என்ற உலோக இழைப் பின்னல் திரி போலத் தண்ணீரை உறிஞ்சிக் காயில்வரைக்கும் கொண்டுபோய்விடும்.

மணல்சல்லடை:
கழுவிக் காய வைத்தாச்சு. டிஸ்பிளே முழுசாகத் தெரிகிறது; சுவிட்சை மாற்றியதும் சென்சிட்டிவிட்டியும் நின்ற இடத்தில் நிற்கிறது. கத்தல் மட்டும் பாக்கி. ஆனால் பிளக் பக்கத்தில் கேபிளை ஆட்டினால்தான் வருகிறது, காயிலை ஆட்டினால் இல்லை.

இரட்டை டி:
அப்படியென்றால் பிளக்கும் சாக்கெட்டும்தான். ரிசீவ் சிக்னல் மிகச் சிறியது, ஒரு பின்னில் லேசான களிம்பு இருந்தாலே சத்தமாகிவிடும். காண்டாக்ட் கிளீனர் விட்டு, பிளக்கைச் செருகிச் செருகிப் பத்துத் தடவை எடுங்கள். பின் கறுத்திருந்தால் கண்ணாடியிழைப் பேனாவால் லேசாகத் தேய்க்கலாம், உப்புத்தாள் வேண்டாம். அதற்கும் நிற்காவிட்டால் போர்டில் சாக்கெட்டின் கால்களில் சால்டரை ஒருமுறை உருக்கிப் புதுசாக வையுங்கள்.

பற்றாசு:
பாக்ஸை மூடும் முன் கேஸ்கெட் (தண்ணீர் புகாமல் மூடும் ரப்பர் வளையம்) உட்காரும் பள்ளத்தைத் துடைத்துவிடுங்க. ஒரு முடி குறுக்கே கிடந்தாலும் சீல் பிடிக்காது. நைட்ரைல் ரப்பர் என்றால் சிலிக்கான் கிரீஸ், பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும். சிலிக்கான் ரப்பருக்குச் சிலிக்கான் கிரீஸ் கூடாது, உப்பிவிடும்.

முழு வாட்டர்புரூஃப் மெஷின் வைத்திருப்பவர்களும் கவனிக்க. வெயிலில் 50 டிகிரிக்குச் சுட்ட பாக்ஸை 25 டிகிரித் தண்ணீரில் போட்டால் உள்காற்று சுருங்கி, அழுத்தம் எட்டு சதவீதம்போலக் குறையும். மேலோட்டமாக நனைத்தாலும் 80 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பது போலத் தண்ணீர் சீலைத் தள்ளும். இறக்குவதற்கு முன் கொஞ்ச நேரம் நிழலில் ஆற விடுங்க.