புதுப்பிப்பு: அம்மம்மாவின் ரவைக் கிறிஸ்மஸ் கேக் நடுவிலும் வெந்துவிட்டது

யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. என் கேள்வி: கொழும்பில் அம்மம்மா சுட்ட ரவைக் கேக்கைச் சென்னையில் செய்தால் மேற்புறம் கருகுகிறது, நடுப்பகுதி வேகவில்லை, அதில் சேர்க்கும் பூசணித் தோசியும் (சீனிப் பாகில் ஊறிய பூசணித் துண்டுகள்) இங்கே கிடைப்பதில்லை.

பலித்தது செய்தித்தாள் யோசனைதான். கேக் தட்டின் உள்ளே அடியிலும் சுற்றிலும் செய்தித்தாளைப் பல மடிப்பாக வைத்து, அதன்மேல் வெண்ணெய் தடவிய தாளை விரித்தேன். அடுப்புச் சூட்டை 180 பாகையிலிருந்து 150 ஆகக் குறைத்தேன். இரண்டரை மணி நேரம் பிடித்தது. மேற்புறம் பொன்னிறமானதும் ஒரு தாளால் மூடினேன். அடுப்புக்குள் தண்ணீர்க் கிண்ணம் வைத்ததில் பெரிய பலன் இல்லை.

தோசிக்குப் பதிலாக வட இந்திய இனிப்புக் கடைகளில் விற்கும் ஆக்ரா பேட்டா. இரண்டுமே நீற்றுப்பூசணியில் செய்பவை, எனவே மாற்று என்றே சொல்லத் தோன்றவில்லை. சீனிப் பாகைக் கழுவிவிட்டுப் பொடியாக நறுக்குங்கள். சீனியையும் சற்றுக் குறைக்கலாம்.

எதிர்பாராதது ஒன்று: முதல் நாள் ஏலக்காய் மட்டுமே தூக்கலாகத் தெரிந்தது. தாளில் சுற்றி ஒரு வாரம் வைத்த பிறகே முந்திரியும் ரோஜாப் பன்னீரும் சேர்ந்து வந்தன. உடனே வெட்டாதீர்கள்.

அம்மாவுக்குப் பிராந்தி அளவில் மட்டும் குறை. அம்மம்மா இன்னும் தாராளமாக ஊற்றுவாராம்.