‘அம்மோனியா இல்லை’ என்று போட்ட டை, அப்புறம் ஏன் முகம் வீங்கியது?

செம்பூர் கோமதி:
வீட்டுக்காரர் பல வருஷமாகத் தலைக்கு டை போடுகிறவர். எங்கள் சின்ன ஃபிளாட்டில் அந்த அம்மோனியா நெடி தாங்காமல், இந்தத் தடவை ஒரு ‘ஹெர்பல் கறுப்பு மெஹந்தி’ பாக்கெட் வாங்கினேன். முன்பக்கம் மருதாணி, நெல்லிக்காய், சீயக்காய் எல்லாம் படம் போட்டு, கொட்டை எழுத்தில் ‘அம்மோனியா இல்லை’. தண்ணீரில் குழைத்துப் பூசி அரை மணி நேரத்தில் தலை கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் காதோரம், நெற்றியோரம் அரிப்பு. அதற்கு அடுத்த நாள் கண் இமை வீங்கி, ஆளே அடையாளம் தெரியவில்லை. டாக்டர் மருந்து கொடுத்து இப்போது தேவலை. “டை அலர்ஜி, இனிமேல் தொடாதீர்கள்” என்றதோடு சரி. அம்மோனியாவே இல்லாததில் எது இப்படிச் செய்தது? பழைய டை ஒத்துக்கொண்டதே? அடுத்த மாதம் மகளுக்கு வளைகாப்பு. வெள்ளைத் தலையோடு சம்பந்தி முன்னால் நிற்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

முலுண்டு பாலு:
கோமதியம்மா, நான் தாணே-பேலாப்பூர் பெல்ட்டில் ஒரு சாயப்பொருள் ஆலையின் லேபில் இருந்து ரிட்டயர் ஆனவன். வைத்தியம் எனக்குத் தெரியாது, ரசாயனம் சொல்கிறேன்.

அம்மோனியா பாவம். அது மூக்கை எரிக்கும், கண்ணில் நீர் வரவைக்கும், ஆனால் இந்த மாதிரி வீக்கத்துக்கு வழக்கமான குற்றவாளி அது இல்லை. முடியின் மேல் செதில்களைத் தூக்கிவிடுவதும் சாயத்துக்கு நிறம் வரவைக்கும் பெராக்சைடை முடுக்கிவிடுவதும்தான் அதன் வேலை. கிரீம் டைகளில் அதை எடுத்துவிட்டுப் பெரும்பாலும் மோனோ எத்தனால் அமைன் போடுகிறார்கள். அதுவும் அம்மோனியா மாதிரி ஒரு காரப்பொருள்தான் (ஆல்கலி), ஆனால் லேசில் ஆவியாகாது, அதனால் நெடி இல்லை. ‘அம்மோனியா இல்லை’ என்பது உங்கள் மூக்குக்குச் சொல்லும் செய்தி, தோலுக்கு இல்லை.

பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘பாரா ஃபினைலின்டையமின்’ என்று இருக்கும், சுருக்கமாகப் பிபிடி. சிலர் 1,4-டையமினோபென்சீன் என்று போடுவார்கள், இரண்டும் ஒன்றே. ஹோஃப்மான் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1863இல் தயாரித்த சரக்கு. நிரந்தரக் கறுப்புச் சாயங்களில் இன்றைக்கும் இதுவோ இதன் உறவுக்கார மூலக்கூறோதான் அஸ்திவாரம்.

தனியாக இருக்கும்போது இதற்குச் சொல்லிக்கொள்ளும்படி நிறம் கிடையாது. மூலக்கூறு சின்னது, முடிக்குள் சுலபமாக நுழைந்துவிடும். உள்ளே பெராக்சைடு இதை ஆக்சிஜனேற்றம் செய்ததும், ரிசார்சினால் போன்ற துணைப்பொருளோடு கைகோத்துப் பெரிய, நிறமுள்ள மூலக்கூறாகிறது. குதிருக்குள் நுழைந்து நெல்லைத் தின்று கொழுத்த எலி மாதிரி, வந்த ஓட்டை வழியே வெளியேற முடியாது. எத்தனை ஷாம்பூ போட்டாலும் கறுப்பு நிற்பது அதனால்தான்.

பொடியில் பெராக்சைடு எங்கிருந்து வந்தது என்பீர்கள். பேரியம் பெராக்சைடு, சோடியம் பெர்போரேட் மாதிரித் திடப்பொருளைக் கலந்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் வேலையை ஆரம்பித்துவிடும்.

தொல்லை, பாதி வழியில் இருக்கும் மூலக்கூறுகளால். அவை முடியோடு நிற்காமல் தோலின் புரதத்திலும் ஒட்டும். உடம்பின் எதிர்ப்பு சக்தி ஒருநாள் அதை எதிரி என்று குறித்துவைத்துக்கொள்ளும். இது சில வருஷம் கழித்தும் நடக்கும். பழைய டையிலும் பிபிடியோ அதன் உறவோ இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். குறித்துக்கொண்ட பிறகு அடுத்த தடவை படை கிளம்பும், ஆனால் உடனே இல்லை, ஒன்றிரண்டு நாள் கழித்து. நீங்கள் சொன்ன கணக்கு அதற்குப் பொருந்துகிறது. அளவும் முக்கியம். ஐரோப்பாவில் தலையில் படும் கலவையில் பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம்.

மாட்டுங்கா பார்லர் அக்கா:
பாலு சார் சொன்னதோடு ஒன்று. மருதாணி மட்டும் போட்டால் கறுப்பு வரவே வராதுங்க. அதில் இருக்கும் லாசோன் ஆரஞ்சு-சிவப்புத்தான் தரும், அதுவும் மணிக்கணக்கில் ஊறினால். அரை மணியில் கறுப்பு என்றாலே நான் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பேன்.

டாக்டர் சரி என்றால் மருதாணி, அப்புறம் அவுரி. முதலில் சுத்தமான மருதாணி போட்டு அலசணும். பிறகு அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்தால், பச்சைக் குழம்பின் மேல் நீலம் படரும். அந்த நேரத்தில் பூசிவிடணும், நேற்றுக் கரைத்தது உதவாது. அலசியதும் கொஞ்சம் பச்சையடிக்கும், பயந்துவிடாதீர்கள், ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். அதனால் வளைகாப்புக்கு முதல் நாள் போடாமல், நாலைந்து நாள் முன்னாடியே போடுங்கள். அவுரி என்ற பெயரிலும் கலப்படம் வருகிறது. பொருள் பட்டியலில் இலைப் பெயரைத் தவிர வேறு எதுவும் இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எதுவானாலும் முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்க்கணும். பழைய பாக்கெட்டை மட்டும் அப்படிச் சோதிக்கவே வேண்டாம்.

ஐரோலி வாசு:
சார், ‘பிபிடி இல்லை’ என்று தனியாக விற்கிறார்களே, அதை வாங்கலாமா?

முலுண்டு பாலு:
தம்பி, அதன் பின்பக்கத்தையும் படி. பலதில் டொலுவீன்-2,5-டையமின் இருக்கும், பிபிடியில் கூடுதலாக மெத்தில் என்ற ஒரு சின்னத் துணுக்கு ஒட்டிய பங்காளி. பிபிடி ஆகாதவர்களில் நிறையப் பேருக்கு இதுவும் ஆகாது. கோமதியம்மா, பல் டாக்டரிடம் போனாலும் இந்த அலர்ஜியைச் சொல்லிவிடுங்கள். மரத்துப்போகத் தடவும் பென்சோகெயினும் சிலருக்கு இதே வம்பைக் கிளப்பும்.

செம்பூர் கோமதி:
பார்த்துவிட்டேன் சார். விலை ஸ்டிக்கரை அந்த வரி மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். நகத்தால் சுரண்டினால் ‘பாரா ஃபினை…’ வரைக்கும் தெரிகிறது. தோல் டாக்டரிடம் பாக்கெட்டோடு போகிறோம். அக்கா, அவர் சரி என்றால் அவுரிக்கு உங்கள் பார்லருக்கே அழைத்து வரட்டுமா?

மாட்டுங்கா பார்லர் அக்கா:
லேடீஸ் பார்லர் கோமதி! பொடியை வாங்கிக் கொடுங்கள், எப்படிப் பூசுவது என்று உங்களுக்குக் காட்டித் தருகிறேன்.