27 அங்குல வாசக்காலும் இரண்டு கதவு ஃபிரிட்ஜும்

மாவு அக்கா, அம்மாபேட்டை:

அஸ்தம்பட்டியில் குடியிருந்த எங்கள் அண்ணன் வெளியூர் மாறிப் போனபோது தன் ஃபிரிட்ஜை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இடமும் வலமுமாக இரண்டு கதவு திறக்கிற பெரிய சைட் பை சைட். நான் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறேன். சேலத்துச் சித்திரை வெயிலில் காலையில் அரைத்த மாவு மத்தியானத்துக்குள் பொங்கிவிடும். அதனால் அந்த ஃபிரிட்ஜ் எனக்குப் பெரிய உதவி.

வீடு மாமனார் காலத்துத் தறி வீடு. சமையலறை வாசக்காலின் உள்ளளவு 27 அங்குலம், அதாவது 68 சென்டிமீட்டர் சொச்சம். ஃபிரிட்ஜின் அகலம் 91. சரி, பக்கவாட்டில் திருப்பி நுழைக்கலாம் என்றால் கைப்பிடியோடு சேர்த்து ஆழம் 72. மூன்றரை சென்டிமீட்டர் இடிக்கிறது.

இதை நான் அளந்து பார்த்தது சின்ன யானையில் ஃபிரிட்ஜ் வாசலுக்கு வந்து நின்ற பிறகுதான். இறக்க வந்தவர்களில் ஒருவர், "நிலையை ஒரு பக்கம் கொஞ்சம் செதுக்கிட்டா போயிடுங்க்கா" என்றார். அத்தை உள்ளேயிருந்து வந்து, "வெள்ளிக்கெழமை தவறாம மஞ்சப் பூசி பொட்டு வைக்கிற நெலை கண்ணு. அதுல உளி படக் கூடாது" என்று சொல்லிவிட்டார். எனக்கும் மனசு வரவில்லை. அன்று இரவு முழுக்க ஃபிரிட்ஜ் முன் அறையில், பழைய தறிக்குழியை மூடிய இடத்தில் நின்றது.

மறுநாள் பக்கத்து வீட்டுத் தம்பி வந்தார், எலெக்ட்ரிக் வேலை தெரிந்தவர். "ஃபிரிட்ஜ் கதவைக் கழட்டிடலாங்க்கா" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. கதவு இல்லாமல் அளந்தால் 62 சென்டிமீட்டர்தான்!

மேலே கீலை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் திருகு கழற்றி எடுத்தோம். அதற்கடியில் கீல், பக்கத்திலேயே கதவுக்குள் போகிற ஒயர். கதவில் டிஸ்ப்ளே இருக்கிற ஃபிரிட்ஜ் எல்லாவற்றிலும் இந்த ஒயர் இருக்கும். கனெக்டரில் நகக்கண் அளவுக்கு ஒரு கொக்கி உண்டு, அதை அழுத்திக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். முதல் கதவில் அவசரப்பட்டு நான் ஒயரைப் பிடித்து இழுத்துவிட்டேன். ஒரு ஒயர் பின்னோடு வெளியே வந்துவிட்டது. தம்பி பொறுமையாக அதைத் திரும்பச் சொருகினார். கதவை இன்னொருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், மேல் கீலின் கடைசி போல்ட் கழன்றதும் கதவு கைமேல் சாய்ந்துவிடும். பிறகு கதவை நேராக மேலே தூக்கினால் அடிக்கீலின் முளையிலிருந்து விடுபடும். போல்ட்டுகளை மேல் கீல், கீழ் கீல், இடது, வலது என்று எழுதிய என் மாவுக் கவர்களிலேயே போட்டு வைத்தேன். கதவுகளைக் கட்டிலில் போர்வை விரித்துப் படுக்க வைத்தோம்.

மேல் கீல் போனதும் உயரத்திலும் இரண்டு விரல் குறைந்தது. பழைய வீட்டு வாசக்கால் தாழ்வாக இருக்கும், நிலைப்படி வேறு தடுக்கும், அதனால் அந்த இரண்டு விரலும் தேவைப்பட்டது. நான்கு பேர் கயிறு கொடுத்துத் தூக்கி, மஞ்சள் அழியாமல் உள்ளே கொண்டு போனார்கள்.

கழற்ற முக்கால் மணி நேரம். மாட்டுவதற்கு ஒரு வாரம் ஆனது என்றே சொல்வேன். மாட்டியது அன்றைக்கே முடிந்தது, ஆனால் மூன்றாம் நாள் ஃப்ரீசர் ஓரமெல்லாம் பனி, கதவு விளிம்பில் வியர்வை. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் இறுக்கமாகப் பிடித்தது, மேல் மூலையில் சும்மா வந்துவிட்டது. பழைய வீட்டுத் தரை மட்டமாக இல்லை, ஃபிரிட்ஜ் ஒரு பக்கம் சாய்ந்து நின்றிருக்கிறது. முன்னங்கால்களைத் திருகி அந்தப் பக்கத்தை உயர்த்தியதும் இரண்டு கதவின் தலையும் ஒரே கோட்டுக்கு வந்தன. நோட்டும் பிடித்துக்கொண்டது.

உங்கள் வீடுகளில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.

குகைக்காரர் (சேலம் குகைப் பகுதி):

எங்கள் வீட்டில் தடையே வீட்டுக் கதவுதான். திறந்து வைத்தாலும் அந்தக் கதவின் தடிமன் வழியில் நிற்கும். அதைக் கழற்றினால் ஒன்றரை அங்குலம் கிடைக்கும். ஆனால் அது கீல் வைத்த கதவு இல்லை, குடுமிக் கதவு. மேலும் கீழும் மரக் குடுமி குழியில் உட்கார்ந்து சுழலும். வாசக்காலைப் பிரிக்காமல் அதை எடுக்க முடியாது என்று ஆசாரி கைவிரித்துவிட்டார், அதனால் நாங்களும் ஃபிரிட்ஜ் கதவுகளைத்தான் கழற்றினோம். எங்களுடையது மேலே ஃப்ரீசர், கீழே பெரிய கதவு உள்ள சாதாரண ஃபிரிட்ஜ். அதில் முதலில் ஃப்ரீசர் கதவு, பிறகு நடுக் கீல், அதற்குப் பிறகுதான் கீழ்க் கதவு. நடுக் கீலுக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்று இருந்தது, கவனிக்காமல் தொலைத்துவிட்டேன். அது இல்லாமல் கதவு உரசியது. தயவுசெய்து கழற்றும்போது ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஏற்காட்டிலிருந்து:

நான் சேலத்திலேயே கதவைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றினேன். எஸ்டேட் குவார்ட்டர்ஸ் வாசல் குறுகல் என்று முன்பே தெரியும். 20 கொண்டை ஊசி வளைவுக்கும் ஃபிரிட்ஜ் நின்ற வாக்கிலேயே வந்தது, நான் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்தேன். கதவுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுதான் தப்பு. கீழே இருந்த கதவின் ரப்பர் அமுங்கி மடங்கிவிட்டது. இங்கே மார்கழிக் குளிரில் அது விறைத்துப் போய் நிமிரவே இல்லை. சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி ஒற்றி, கையால் நீவிவிட்டு, கதவை மூடி இரவு முழுக்க வைத்திருந்தேன். காலையில் சரியாக ஒட்டியது. ரப்பரைப் புதிதாக வாங்கலாம் என்று கிளம்பியிருந்தேன், தேவைப்படவில்லை.

ஃபிரிட்ஜ் மெக்கானிக், செவ்வாய்ப்பேட்டை:

அக்கா, நீங்கள் படுக்க வைக்காமல் தூக்கியது ரொம்ப நல்லது. படுக்க வைத்தால் கம்ப்ரசருக்குள் இருக்கிற ஆயில் பைப்புக்குள் போய்விடும். வேறு வழியில்லாமல் சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி வைத்துப் பல மணி நேரம் விட்டு, முடிந்தால் ஒரு நாள் கழித்து, பிளக் போடுங்கள். இப்போது வருகிற ஃபிரிட்ஜுகளில் நிறைய, குளிர வைப்பதற்கு பைப்புக்குள் ஓடுவது ஆர்600ஏ கேஸ்தான், அது தீப்பிடிக்கும். வாசலில் இடித்துப் பின்பக்கப் பைப் நசுங்கியிருந்தால் பிளக் போடாமல் ஆளைக் கூப்பிடுங்கள். கதவில் தண்ணீர் வருகிற மாடலாக இருந்தால் அடியில் மெல்லிய டியூப் இருக்கும். அதன் வளையத்தை உள்ளே அழுத்திக்கொண்டு டியூபை இழுக்க வேண்டும், கத்தரித்துவிடாதீர்கள். இன்னொன்று, போல்ட்டை முதலில் கையாலேயே நான்கு சுற்று ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் ஸ்பேனர் போட்டால் மரை தேய்ந்துவிடும்.

மாவு அக்கா:

நன்றி தம்பி. எங்களுடையதில் தண்ணீர் வருகிற வசதி இல்லை. நீங்கள் சொன்ன பிறகு பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன், பைப் நன்றாக இருக்கிறது. குகைக்கார அண்ணா, வாஷர் இல்லாமல் கதவு உரசியது என்றீர்களே. என் கவரில் வலது கீழ்க் கீல் என்று எழுதியதில் ஒரு வாஷர் மிச்சம் கிடக்கிறது. நாளை மாவு போட்டு முடித்ததும் தம்பியை வரச்சொல்லி அந்தக் கதவை மட்டும் திரும்பக் கழற்றப் போகிறோம்.