பைக்குள் இரண்டு ஜோடிச் செருப்பு

தண்டையார்பேட்டையில் வீட்டு மாடியில் மாலை வகுப்பு எடுக்கிறேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவனின் பை சரிந்தபோது, பிளாஸ்டிக் உறைக்குள் பழைய செருப்புகள் தெரிந்தன. அவன் அளவில் ஒரு ஜோடி, தங்கை அளவில் ஒரு ஜோடி.

“ராத்திரி அப்பா அடிக்க ஆரம்பித்தால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் டீச்சர். இருட்டில் செருப்பைத் தேட முடியாது.”

நான் பதறிப்போய்ச் செய்த காரியம், மறுநாளே அப்பாவைக் கூப்பிட்டுப் பேசியது. அமைதியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று இரவு அடி பையனுக்கே விழுந்தது. அவன் மூன்று நாள் வரவில்லை. அந்தத் தவற்றை யாரும் செய்துவிடாதீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

திரும்பி வந்தவனிடம் எதையும் துருவவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். அவனாகவே பேசினான். “யாரிடமும் சொல்லாதீர்கள்” என்றான். ‘சரி’ என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால் காப்பாற்ற முடியாத வாக்கை எப்படிக் கொடுப்பது? “உனக்கு உதவி செய்கிறவர்களிடம் மட்டும் சொல்வேன். உனக்குத் தெரியாமல் சொல்லமாட்டேன்” என்றேன். அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதிக்கொண்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தேன்.

வந்தவர்கள் அம்மாவைத் தனியாகச் சந்தித்தார்கள். அடியைவிட அவருக்குப் பெரிய பயம், பிள்ளைகளை ‘ஹோமில்’ போட்டுவிடுவார்களோ என்பதுதான். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, கணவர் நெருங்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு கேட்கலாம், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடமே வைத்துக்கொள்ளவும் கேட்கலாம், மனுவுக்கு இதற்கென அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர் உதவுவார் என்று விளக்கிய பிறகுதான் வாய் திறந்தார். இப்போது மூவரும் காசிமேட்டில் பாட்டி வீட்டில் இருக்கிறார்கள்.

*

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் வியாசர்பாடி. எங்கள் குடியிருப்பில் எதிர் வீட்டுச் சத்தத்தைப் ‘புருஷன் பெண்டாட்டி சண்டை’ என்று பல மாதம் கேட்டும் கேளாமல் இருந்தோம். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். ஒரு நாள் தாங்காமல் கதவைத் தட்டி, “கொஞ்சம் சர்க்கரை இருக்குமா அக்கா?” என்று கேட்டேன். உள்ளே சத்தம் நின்றது. அவர்கள் மகள்தான் டம்ளரில் சர்க்கரை கொண்டுவந்தாள். கை நடுங்கி, பாதி தரையில் கொட்டியது.

அந்த அக்காவிடம் பிறகு தனியாகப் பெண்கள் உதவி எண்ணான 181-ஐக் கொடுத்தேன். மகளிடம், “எங்கள் கதவு எந்நேரமும் திறக்கும், தட்டு” என்று மட்டும் சொன்னேன். இரண்டு முறை வந்திருக்கிறாள். முதல் முறை ஒரு வார்த்தையும் பேசவில்லை. ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு, தட்டைக்கூட நகர்த்தாமல் அப்படியே தூங்கிப்போனாள்.