ஃபோர்குளோஷர் (கடன் கட்டாததால ஜப்தியான) வீடுகளுக்கு 700 கோடி டாலர்: ஏரியா தேறுச்சா?

வரிகட்டி: 2008, 2009, 2010னு மூணு தவணையா அமெரிக்க அரசு கிட்டத்தட்ட 700 கோடி டாலர் இறக்குச்சு, நெய்பர்ஹுட் ஸ்டெபிலைசேஷன் ப்ரோக்ராம்னு பேரு. ஜப்தியாகி காலியான வீட்ட சிட்டி நிர்வாகம் வாங்கி ரிப்பேர் பண்ணி வித்தா ஏரியா நிமிரும்னாங்க. ஒஹையோ மாநிலத்துல கிளீவ்லேண்ட் சிட்டி, அங்க ஸ்லாவிக் வில்லேஜ்னு ஒரு ஏரியா, போய் பாருங்க, இன்னும் காலி மனைங்க கெடக்கு.

ஏரிக்கரையான்: இதே ஊர்தான் சார் நானு. அங்க காலி வீடுன்னு தெரிஞ்சா போதும், செம்பு பைப்ப உருவிருவான், பேஸ்மென்ட்ல தண்ணி ரொம்பும், வெளிய ஒட்டின அலுமினிய சைடிங்க கூட உரிச்சு எடைக்கு போட்ருவான், அப்புறம் அத சரி பண்ற செலவு விக்கிற விலையவே தாண்டிரும், இடிக்காம என்ன பண்றது? விட்டா பக்கத்து வீட்டுக்காரனும் ஓடிருவான்.

வரிகட்டி: அப்ப இடிக்கிறதுக்கு பேரு புனரமைப்பா? நல்லா இருக்கு 😄

மீனாட்சி_ஒஹையோ: ரெண்டு பேருமே பேங்க விட்டுட்டீங்க. ஜப்தி கேஸ் போடும், குடும்பம் பயந்து காலி பண்ணும், வீடு பைசா தேறாதுன்னு தெரிஞ்சா ஏலத்துக்கே போகாம கழண்டுக்கும். பத்திரம் பழைய ஓனர் பேர்லயே கெடக்கும், புல்லு வெட்டலன்னு ஃபைன் அவருக்கு வரும். 2008 ஜனவரில கிளீவ்லேண்ட் சிட்டி நிர்வாகம் 21 பேங்க், கடன் கம்பெனிங்க மேல கேஸ் போட்டுச்சு, கோர்ட்ல நிக்கல. கடைசில பில்லு நம்ம தலைல.

வரிகட்டி: அதத்தான் நானும் சொல்றேன்! கடன் குடுத்தவன் தப்பிச்சான், வரி கட்டுறவன் மாட்டுனான்.

ஏரிக்கரையான்: திட்டத்துல ஓட்டை இல்லன்னு நான் எங்க சொன்னேன். அப்ரைசல் (வீட்டு மதிப்பீடு) எடுக்கணும், அதுக்கும் கம்மியாதான் வாங்கணும், 18 மாசத்துல முதல் தவணைய எதுக்குன்னு ஒதுக்கி முடிக்கணும். இதுக்குள்ள வெளியூர் ஆளு கைல கேஷோட வந்து மொத்தமா அள்ளிட்டு போயிருவான், பெயின்ட் கூட அடிக்காம வாடகைக்கு விடுவான். உருப்படியா நடந்தது 2009ல கிளீவ்லேண்ட் இருக்கிற கயஹோகா கவுன்டி (மாவட்டம் மாதிரி) ஆரம்பிச்ச லேண்ட் பேங்க் தான், அதாவது கைவிட்ட வீட்ட, மனைய எடுத்து பாத்துக்கிற அமைப்பு, சொத்து வரி பாக்கிக்கு வர்ற அபராதம் வட்டிய வச்சே ஓடுது, வருஷா வருஷம் காசு வருது, அதனால நெதானமா எத இடிக்கலாம் எத காப்பாத்தலாம்னு பாக்க முடியுது.

வரிகட்டி: அந்த அபராதம் யார் கட்டுறா? வரி கட்ட முடியாத அதே ஏழைதானே?

மீனாட்சி_ஒஹையோ: எல்லாரும் ஏழை இல்லீங்க, வேணும்னே கட்டாம விடுற இன்வெஸ்டரும் அதுல இருக்கான். ஆனா பாட்டி காலத்து வீட்ட வச்சுட்டு முழிக்கிறவங்களுக்கு தவணை சலுகை குடுக்கணும், அதுல உங்க கட்சி நான்.