இருமலே இல்லாமல் காசநோய் வந்தவர்கள் வீட்டில் யாராவது உண்டா?

மலேசியா, பட்டர்வொர்த்திலிருந்து:

தங்கைக்குக் கழுத்தில் கட்டி. வலி இல்லை, இருமல் இல்லை, சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம், சளியிலும் ஒன்றும் இல்லை. ஆன்டிபயாட்டிக்குக் கட்டி அசையவே இல்லை.

ஒரு தனியார் மருத்துவமனையில் கட்டியை எடுத்து, மொத்தத்தையும் ஃபார்மலினில் (சதை கெடாமல் வைக்கும் திரவம்) போட்டு அனுப்பிவிட்டார்கள். ஃபார்மலினில் கிருமி செத்துப்போகும். சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் காசநோய்தான் போலிருக்கிறது என்றார்களே தவிர, கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க வழியில்லாமல் போயிற்று. இதில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. கட்டியை எடுக்கும் முன்பே கேளுங்கள்: "ஒரு துண்டை ஃபார்மலின் படாமல் சலைனில் (உப்பு நீர்) போட்டு, ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் கல்ச்சருக்கும் அனுப்புவீர்களா?" ஜீன்எக்ஸ்பர்ட் என்பது மரபணுச் சோதனை; சில மணி நேரத்தில் கிருமியையும், ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் காட்டும். கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, 6 வாரம்கூட ஆகும். ஜீன்எக்ஸ்பர்ட்டில் இல்லை என்று வந்தாலும் நிம்மதியாகிவிட முடியாது. கட்டிக்குள் கிருமி குறைவாகத்தான் இருக்கும்.

மருந்து சுகாதார கிளினிக்கில். முதல் 2 மாதம் நான்கு மருந்து, அப்புறம் 4 மாதம் இரண்டு. அந்த நான்கில் ஒன்றான எத்தாம்புடோல் கண் நரம்பைப் பாதிக்கலாம் என்பதால் நிறம் தெரிகிறதா என்று சோதித்தார்கள். நடுவில் கட்டி மறுபடி வீங்கியபோது வீடே கலங்கிவிட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி திரும்பி வரும்போது இப்படி ஆவதுண்டு, மருந்து தோற்றதாகாது என்று டாக்டர் விளக்கினார். அதே மருந்திலேயே வற்றியது.

தயவுசெய்து தட்டு, டம்ளரைப் பிரித்து வைக்காதீர்கள். காசநோய் பாத்திரத்தால் பரவாது. நுரையீரலில் இல்லாதபோது பக்கத்தில் உட்காரவே பயப்பட வேண்டியதில்லை.

செந்தூலிலிருந்து:

அக்கா, எங்கள் அப்பாவுக்கு முதுகெலும்பில். பாரம் தூக்கிய வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தோம். படுத்தாலும் குறையாத வலி, எடை இறக்கம், அப்புறம் கால் மரத்துப்போனது. எம்ஆர்ஐயில் அடுத்தடுத்த இரண்டு எலும்பும் நடுவிலிருந்த டிஸ்க்கும் அரித்து, பக்கத்தில் சீழ் கட்டியிருந்தது. ஸ்கேன் பார்த்தபடியே ஊசி விட்டுச் சீழ் எடுத்தார்கள். அவருக்கு 9 மாத மருந்து.

சர்க்கரை நோயாளிகள் கவனியுங்கள். ரிஃபாம்பிசின் வேறு பல மாத்திரைகளின் வீரியத்தைக் குறைத்துவிடும். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியது, மாத்திரையை மாற்ற வேண்டியிருந்தது. வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை), கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து:

என் அக்கா மகனுக்கு மூளை உறையில். நாள்கணக்கில் தலைவலி, வாந்தி, பிறகு ஆளே மந்தமாகிவிட்டான். முதுகுத் தண்டு நீரின் முடிவுகள் முழுதாக வருவதற்குள் மருந்தும் ஸ்டீராய்டும் தொடங்கிவிட்டார்கள். இந்த வகையில் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. மொத்தம் 12 மாதம். பிள்ளை இப்போது பள்ளிக்குப் போகிறான், காது மட்டும் கொஞ்சம் மந்தம். இப்படிக் காது பாதித்த பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.