கடற்கரை ஊர்களில் தொலைநிலைக் கல்வி: ஞாயிற்றுக்கிழமை வகுப்பா, ஊர்க் குழுவா?

கொண்டல்:
தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வழியாக மூக்கையூர் வரை நம்ம கரையில் கரஸ்ஸில், அதாவது தொலைநிலைக் கல்வியில், பட்டம் படிக்கிறவர்களுக்கு ஆதரவு என்று கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: சனி, ஞாயிறு ஸ்டடி சென்டருக்கு வாங்க, வகுப்பில் உட்காருங்க. இந்தக் கரைக்கு அது பொருந்தாது என்பது என் வாதம். ஊருக்குள்ளேயே ஐந்தாறு பேர் சேர்ந்த குழுதான் ஆளைப் படிப்பில் நிறுத்தும்.

ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை சேரும். அதனால் ஞாயிறு காலை இறங்குதளத்தில் மீன் பிரிப்பது, ஐஸ் போடுவது, ஏலம் என்று வீட்டில் எல்லாருக்கும் வேலை. அதே நேரத்தில் 55 கிலோமீட்டர் தள்ளி ராமநாதபுரத்தில் பத்து மணிக்கு வகுப்பு வைத்தால் யார் வருவார்கள்? இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) மண்டல மையத்துக்குப் போக வேண்டுமென்றால் மதுரைக்குப் போகணும், ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர்.

நேரக் கணக்கையும் பாருங்கள். 4 கிரெடிட் தாள் என்றால் 120 மணி நேரப் படிப்பு. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 விதிகள்படி அதில் பத்தில் ஒரு பங்கு, 12 மணி நேரம், ஸ்டடி சென்டரில் நடக்கிற ஆலோசனை வகுப்பு. மிச்சம் 108 மணி நேரம் அந்தப் பிள்ளை தனியாகத்தான் இருக்கிறது. நாம் 12 மணி நேரத்துக்குச் சண்டை போடுகிறோம், 108 மணி நேரத்தை யாரும் கேட்பதில்லை.

கல்வி ஆய்வாளர் மைக்கேல் மூர் 1989-இல் தொலைக் கல்வியில் மூன்று வகை ஊடாட்டத்தைப் பிரித்துச் சொன்னார்: மாணவருக்கும் பாடத்துக்கும், மாணவருக்கும் ஆசிரியருக்கும், மாணவருக்கும் மாணவருக்கும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பலமாக இருந்தால் மற்ற இரண்டும் குறைந்தாலும் ஆழமாகக் கற்க முடியும் என்று 2003-இல் இன்னொரு ஆய்வாளர் டெர்ரி ஆண்டர்சன் எழுதினார். ஆசிரியர் எட்டாத தூரத்தில் இருக்கிறார். சக மாணவர் அடுத்த தெருவில் இருக்கிறார். அந்த மூன்றாவதைப் பலப்படுத்துவோம்.

கலங்கரை:
கொண்டல் தம்பி, ஆண்டர்சன் வைத்த நிபந்தனையே "பலமாக இருந்தால்" என்பதுதான். இப்போது ஓடுகிற மாணவர் குழுக்களில் அந்தப் பலம் எங்கே இருக்கிறது? இருநூறு பேர் வாட்ஸ்அப் குழுவில் அதிகம் பகிரப்படுவது எழுதி முடித்த அசைன்மென்ட் பிடிஎஃப். மையத்துக்கு வரும் விடைத்தாள் கட்டுக்குள் பத்துப் பேர் விடையில் அதே வாக்கியம், அதே வரிசை, அதே எழுத்துப்பிழை.

காப்பி அடிக்கிற குற்றத்தை விட இதில் நடக்கிற இழப்பு பெரியது. இக்னோவில் பெரும்பாலான படிப்புகளுக்கு அசைன்மென்ட் 30 சதவீதம், பருவ இறுதித் தேர்வு 70 சதவீதம், இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். தேர்வறைக்குப் போகும் முன் மாணவரின் சொந்த எழுத்தை ஓர் ஆசிரியர் படித்துப் பார்க்கிற ஒரே இடம் அசைன்மென்ட். ஓரத்தில் இடத்துக்கு இடம் குறிப்பு, கடைசியில் மொத்தமாக ஒரு கருத்து, இரண்டும் எழுதித் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் அதன் முறை. அடுத்தவர் விடையைப் பெயர்த்து எழுதினால் அந்தக் குறிப்பு யாருக்குப் போய்ச் சேரும்? 30-இல் நல்ல மதிப்பெண், 70-இல் அரியர். இப்படி மாட்டிக்கொள்கிறவர்கள் வகுப்புக்கு வராதவர்களில்தான் அதிகம்.

கொண்டல்:
கலங்கரை சார், இருநூறு பேர் குழுவை நானும் கேட்கவில்லை. அது அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான். அதை அட்மின் மட்டும் பதிவிடும்படி பூட்டிவிட வேண்டும். நான் சொல்வது நேரில் கூடுகிற சிறு குழு. ஐந்து பேர், அதிகம் போனால் ஆறு. எட்டைத் தாண்டினால் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வாரம் ஒரு முறை ஒன்றரை மணி நேரம். இடம் ஊர்க் கிளை நூலகம், பள்ளிக்கூடத் திண்ணை, மாதா கோயில் மண்டபம், எது கிடைத்தாலும் சரி. நூலகம் என்றால் எந்தக் கிழமை விடுமுறை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிஷம் போன வாரம் யார் எந்த யூனிட் (பாட அலகு) முடித்தார் என்று சொல்வது. அடுத்து ஒவ்வொருவரும் படித்த யூனிட்டைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் விளக்க வேண்டும். எங்கே திக்குகிறாரோ அங்கேதான் அவருக்குப் புரியவில்லை. கேட்கிறவர் வேறு பாடம் படிப்பவராக இருந்தாலும் "அது எப்படி?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். கடைசியில் ஆளுக்கொரு பழைய கேள்விக்கு அரைப் பக்கம் கையால் எழுதி மாற்றிக்கொண்டு படிப்பது. எழுதின விடையைக் கைபேசியில் படம் எடுத்துக் குழுவில் போடக் கூடாது. அந்த ஒரு விதி இல்லாவிட்டால் சார் சொன்ன பிடிஎஃப் கதைதான்.

பாம்பனிலோ மோர்ப்பண்ணையிலோ ஒரே தாளைப் படிக்கிற ஐந்து பேர் கிடைக்க மாட்டார்கள். அதனால்தான் பாடம் கலந்த குழு என்கிறேன்.

முத்துச்சிப்பி:
இரண்டு பேருமே பெண்கள் பக்கத்தை விட்டுவிட்டீர்கள். கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கம் தொலைநிலைக் கல்வியில் சேருகிறவர்களில் கல்யாணமான பெண்கள் நிறைய. வீட்டுக்காரர் வளைகுடா நாட்டில், கையில் குழந்தை, வீட்டில் பெரியவர்கள். "ஸ்டடி சென்டர் வகுப்பு" என்றால் வீட்டில் விடுவார்கள். பல்கலைக்கழகம் அச்சடித்த கால அட்டவணையைக் காட்டலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். "நாலு பேர் சேர்ந்து படிக்கப் போறோம்" என்றால் அந்தப் பேச்சு வாசலைத் தாண்டாது. கொண்டல் அண்ணன் வகுப்பை வெறும் 12 மணி நேரமாகக் கணக்குப் போடுகிறார். வெளியே வருவதற்கு அது ஒரு அனுமதிச் சீட்டு, வகுப்பில் சந்திக்கிற இன்னொரு பெண்ணின் நட்பு அடுத்த மூன்று வருஷத்துக்கு நிற்கும். வகுப்பை எடுத்துவிட்டால் குழு உருவாகிற இடமே போய்விடும்.

வாட்ஸ்அப் பற்றியும் சொல்லணும். சாதாரணக் குழுவில் சேர்ந்த உடனே நம்பர் எல்லாருக்கும் தெரிகிறது. ராத்திரி பதினோரு மணிக்குத் தெரியாத ஆள் "ஹாய்" என்று அனுப்புவான், அன்றைக்கே அந்தப் பெண் குழுவை விட்டுப் போய்விடுவாள். வாட்ஸ்அப்பில் கம்யூனிட்டி என்று இருப்பதில் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர் நம்பர் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது, அட்மினுக்கு மட்டும் தெரியும். பொது அறிவிப்புக்கு அதை வையுங்கள். பேசுகிற குழு பெண்களுக்குத் தனி, அட்மினும் பெண்.

காணொளி வகுப்பு என்று குதிப்பவர்களுக்கு ஒன்று. சாதாரணத் தரத்திலேயே ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபிக்கு மேல் போகும். வீட்டில் இருக்கிற ஒரே கைபேசியின் அன்றாட டேட்டாவைப் பிள்ளைகளும் பங்கு போடுவார்கள். ஒலி மட்டும் என்றால் அதில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். கேமராவை அணைத்து வைக்கச் சொன்னால் கூச்சமும் போகும்.

பனையோலை:
வகுப்பா குழுவா என்று வாதாடுகிறீர்கள். ஆள் கழன்றுகொள்வது அதற்கெல்லாம் முன்னாலேயே. மாணவர் ஆதரவுக்குத் தொலைக் கல்வி ஆய்வாளர் ஆலன் டெய்ட் மூன்று பணிகள் சொன்னார்: பாடத்தில் உதவி, மனத் தெம்புக்கு உதவி, நிர்வாகத்தில் உதவி. இந்தக் கரையில் மூன்றாவதுதான் முதலில் வேண்டும்.

சேர்க்கையிலேயே சிக்கல் ஆரம்பம். 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர யுஜிசியின் டெப் ஐடி (அதன் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் எண்) வேண்டும், அதற்கு முன்னால் ஏபிசி ஐடி (மாணவரின் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண்) வேண்டும். ஆதாரில் இருக்கிற பெயரும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கிற பெயரும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதிலேயே பாதிப் பேர் மாட்டுகிறார்கள். முதலில் ஆதாரைச் சரிபண்ணிவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள். மாற்றி நடந்தால் மூன்று இடத்தில் திருத்தம் கேட்டு அலைய வேண்டும்.

அடுத்தது தேர்வுக் கட்டணம். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஜூன் தேர்வுக்குப் பணம் கட்டுகிற காலம் இதை ஒட்டியே வருகிறது. வீட்டில் வருமானம் நின்ற நேரம். கடைசித் தேதி தாண்டினால் தாமதக் கட்டணம், அதுவும் தாண்டினால் ஆறு மாதம் போச்சு. குழு ஒன்று இருந்தால் அது பிப்ரவரியிலேயே மாதம் நூறு, இருநூறு என்று ஒதுக்கி வைக்கிற சீட்டாகவும் இருக்க வேண்டும்.

அசைன்மென்டில் நான்கு இடத்தில் தவறு நடக்கிறது. போன பருவத்துக் கேள்வித்தாளுக்கு எழுதுவது, தாளுக்குத் தாள் தனியாகக் கட்டாமல் மொத்தமாகத் தைப்பது, முகப்பில் கோர்ஸ் கோடையோ என்ரோல்மென்ட் நம்பரையோ தப்பாகப் போடுவது, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வருவது. மதிப்பெண் ஏறவில்லை என்று பின்னால் கேட்கப்போனால் கையில் ஒப்புகையும் விடையின் ஜெராக்ஸும் இருப்பவருக்கு மட்டும்தான் வழி.

குழுவில் கேள்வி கேட்கவும் ஒரு முறை வேண்டும். "சார் அசைன்மென்ட் எப்போ?" என்றால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்தப் பல்கலைக்கழகம், சேர்ந்த பருவம், கோர்ஸ் கோட், பிளாக் (பாடத் தொகுதி), யூனிட், பக்கம், என்ன புரிந்தது, எங்கே நின்றது. இத்தனையும் ஒரே செய்தியில் இருந்தால் ஒரே பதிலில் முடியும். அழகப்பா பல்கலைக்கழக மாணவருக்குச் சொன்ன தேதியைத் திறந்தநிலைப் பல்கலைக்கழக மாணவர் தனக்கென்று எடுத்துக்கொள்கிற குழப்பமும் நிற்கும்.

கலங்கரை:
பனையோலை சொன்னது அத்தனையும் சரி. நிர்வாகத்துக்கும் தெம்புக்கும் ஊர்க் குழு உதவும், மறுக்கவில்லை. பாடத்துக்கு உதவுமா? அங்கேதான் கொண்டலோடு ஒத்துப்போக முடியவில்லை.

பி.காம் மாணவர்களின் வங்கிச் சரிகட்டும் பட்டியலை (நம் ரொக்க ஏடும் வங்கியின் பாஸ் புத்தகமும் காட்டும் இருப்பு ஏன் வேறுபடுகிறது என்று காட்டுவது) எடுத்துக்கொள்ளுங்கள். ரொக்க ஏட்டு இருப்பில் தொடங்கினால், கொடுத்தும் வங்கியில் இன்னும் பணமாகாத காசோலையைக் கூட்ட வேண்டும், போட்டும் இன்னும் வரவு வைக்கப்படாத காசோலையைக் கழிக்க வேண்டும். பாஸ் புத்தக இருப்பில் தொடங்கினால் இரண்டும் தலைகீழ். எந்த இருப்பில் தொடங்குகிறோம் என்று பார்க்காமல் "பணமாகாத காசோலை என்றால் கூட்டு" என்று ஒருவர் மனப்பாடமாகச் சொல்வார், ஐந்து பேரும் தலையாட்டுவார்கள். குழுவில் ஒரே தவறை எல்லாரும் ஒப்புக்கொண்டால் அது சரி என்ற நம்பிக்கையே வந்துவிடும். தனியாகப் படிக்கிறவருக்காவது சந்தேகம் மிஞ்சும். பாடம் தெரிந்த ஆள் பத்து நிமிஷம் இருந்தால் அவிழ்கிற முடிச்சு இது. வேறு பாடம் படிக்கிறவர் எவ்வளவு "எப்படி?" கேட்டாலும் அவிழாது.

கொண்டல்:
ஒத்துக்கொள்கிறேன் சார், கணக்குப் பாடத்தில் குழு தடுமாறும். வரலாறு, தமிழ், சமூகவியல் படிக்கிறவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. கணக்கு, புள்ளியியல் போன்றவற்றுக்கு இப்படிச் செய்யலாம்: குழு தீர்க்க முடியாத கேள்விகளை ஒரு நோட்டில் சேர்த்து வைத்து, பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஸ்டடி சென்டரில் வகுப்பெடுக்கும் ஆலோசகரோடு அரை மணி நேரத் தொலைபேசி அழைப்பு. ஒலிபெருக்கியில் போட்டு எல்லாரும் கேட்பது. கேள்விகளை முந்தின நாளே படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும்.

பாம்பனில் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி இருக்கிறது. மீனவர் காதுக்குப் பழகின அலைவரிசை. தேர்வுக் கட்டணத் தேதி, அசைன்மென்ட் தேதி எல்லாம் அதில் வந்தால் கைபேசி இல்லாத வீட்டுக்கும் போய்ச் சேரும். நேயர் அழைத்துக் கேட்கிற நேரமும் வைத்தால் ஒருவர் சந்தேகம் கரை முழுக்கத் தீரும்.

கலங்கரை:
வானொலி நல்ல யோசனை. அழைப்பில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. ஆலோசகருக்கு மதிப்பூதியம் வகுப்புக் கணக்கில்தான் வருகிறது. வகுப்புக்கு ஆள் வராவிட்டால் வகுப்பு ரத்து, ரத்தானால் மதிப்பூதியம் இல்லை. தொலைபேசியில் பேசின நேரத்துக்குக் கணக்கே கிடையாது. நல்ல மனசில் ஒரு பருவம் செய்வார், அடுத்த பருவம் எடுக்க மாட்டார். அழைப்பையும் வகுப்பாகக் கணக்கில் எடுக்கச் சொல்லிப் பல்கலைக்கழகங்களிடம் மாணவர்களே எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு பருவத்தில் எத்தனை அழைப்பு, எந்தத் தாள், யார் யார் கலந்துகொண்டார்கள் என்று பதிவேடு வைத்தால் கேட்பதற்குப் பிடி இருக்கும். அதுவரை வகுப்பை விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள்.

முத்துச்சிப்பி:
வகுப்பு வேண்டும் என்று முடிவானால் நேரத்தைப் பேசுவோம். படகுக் கணக்குப்படி வெள்ளிக்கிழமை சும்மா இருக்கும். ஆனால் எங்கள் ஊர்களில் அன்றைக்கு ஜும்மா, வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஆகாது. ஞாயிறு காலை ராமேஸ்வரத்துக்கு ஆகாது என்று கொண்டல் அண்ணனே சொல்லிவிட்டார். ஞாயிறு மதியம்தான் மிச்சம்.

கொண்டல்:
ஞாயிறு 2 முதல் 5 வரை வைத்தால் மண்டபம், பாம்பன் ஆட்கள் மீன் வேலை முடித்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

முத்துச்சிப்பி:
ஐந்து மணிக்கு விட்டால் சாயல்குடி, தொண்டிப் பெண்கள் வீடு சேர இருட்டிவிடும், மார்கழியில் சொல்லவே வேண்டாம். ஒன்றரைக்கு ஆரம்பித்து நாலு மணிக்கு முடியுங்கள். குறைகிற அரை மணியைக் கொண்டல் அண்ணன் சொன்ன தொலைபேசி அழைப்பில் சேருங்கள்.